பஞ்சில் வைத்த பீன்ஸ் அழுகியதும், இருட்டில் வைத்தது உயர்ந்ததும்

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் 24 பேர். ஆளுக்கொரு குவளை, ஈரப் பஞ்சு, ஒரே ஒரு பீன்ஸ் விதை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் பாதிக்குமேல் அழுகி நாற்றமெடுத்திருந்தது. இருட்டு அலமாரிக்குள் வைத்த ஆறு குவளைகளில் நான்கு முளைத்து, ஜன்னலோரம் இருந்தவற்றைவிட ஒரு சாண் உயரமாக நின்றன. "செடி வளர வெளிச்சம் வேண்டும்" என்று நீங்கள் பலகையில் எழுதிவைத்திருந்ததை ஒரு குழந்தை படித்துவிட்டுச் சிரித்தது. விதை முளைக்காத இன்னொரு குழந்தை வீட்டுக்குப் போகும்வரை அழுதது. "விதை மோசமா, என் கைராசி மோசமா, அடுத்த முறை எப்படிச் செய்வது?" என்று கேட்கிறீர்கள். அதற்குப் பதில் எளிது, சொல்கிறேன். ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது அந்தச் சிரிப்பு என்றே எனக்குப் படுகிறது. செடி ஒன்றைக் காட்டுகிறது, பலகை வேறொன்றைச் சொல்கிறது. குழந்தைகளிடம் எதைச் சொல்வது? அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தாவரவியல் படித்துவிட்டு 19 ஆண்டுகளாகத் தொடக்க வகுப்புகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஏறக்குறைய ஆண்டுதோறும் பீன்ஸ் ஊறவைத்திருக்கிறேன். உங்களுக்கு நேர்ந்த எல்லாமே எனக்கும் நேர்ந்திருக்கின்றன, அந்தச் சிரிப்பு உட்பட. விதை எப்படி நடந்துகொள்ளும் என்று நான் சொல்வதில் பெரும்பகுதி உறுதியானது, பலர் பலமுறை சோதித்துப் பார்த்தது. குழந்தைகள் எதைப் புரிந்துகொள்கிறார்கள் என்று சொல்வது என் வகுப்புகளில் கண்டது மட்டுமே. அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே நான் பாடம் எடுத்ததில்லை.

முதலில் அழுகிய கதை. விதையைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். உலர்ந்த விதையும் உயிருள்ளதுதான். மிக மெதுவாகச் சுவாசித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் உள்ளே போனதும் அந்தச் சுவாசம் பல மடங்கு வேகமெடுக்கிறது, ஆக்சிஜன் நிறையத் தேவைப்படுகிறது. அந்த நேரம் பார்த்து நாம் பஞ்சைச் சொட்டச் சொட்ட நனைத்து, விதையை அதற்குள் புதைத்து, மேலே இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறோம். காற்றில் பரவுவதைவிட ஆக்சிஜன் தண்ணீருக்குள் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். விதைக்கு மூச்சு முட்டுகிறது. உள்ளிருக்கும் சர்க்கரையும் பிற சத்துகளும் வெளியே கசிகின்றன. அதைத் தின்னப் பாக்டீரியாவும் பூஞ்சணமும் வருகின்றன. நாற்றம் அங்கிருந்து வருவதுதான். இருபத்து நான்கு குழந்தைகள், ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர்க் கிண்ணம், ஒவ்வொருவருக்கும் தன் செடிமேல் பாசம் என்றால், பாசத்தின் அளவு ஒரு நாளைக்கு மூன்று முறை ஊற்றுவது. என் முதல் ஆண்டில் 30 விதையில் 11 தேறியது. அழுகிய 19-உம் மூழ்கிச் செத்தவை.

எனவே பஞ்சைப் பிழிந்துவிட்டு வையுங்கள். கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. விதையைப் பஞ்சின்மேல் வையுங்கள், உள்ளே திணிக்க வேண்டாம். ஊறவைப்பது ஓர் இரவு போதும், எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். ஒரு நாளைத் தாண்டி நீரில் கிடந்தால் அங்கேயே கெட ஆரம்பிக்கும். குளிர்ந்த நீர் வேண்டாம். பீன்ஸ் வெப்பத்தை விரும்பும் இனம். 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக முளைக்கும். அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் முளைப்பது தள்ளிப்போகும், அதற்குள் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். விதைத் தரத்தை அறிய ஒரு வாரம் முன்பாகவே பத்து விதைகளை ஈரத் துணியில் சுருட்டிவைத்துப் பாருங்கள். எட்டு முளைத்தால் நல்ல விதை. ஐந்துதான் என்றால் வேறு வாங்குங்கள். 24 குழந்தைகளுக்கு முன்னால் தெரியவருவதைவிட உங்களுக்கு மட்டும் தெரியவருவது மேல். உடைத்த பருப்பு முளைக்காது. அதையும் ஒரு குவளையில் வைத்துக் காட்டலாம், ஏன் என்பது பிறகு வரும்.

எந்த விதை என்பதும் முக்கியம். பீன்ஸ், தட்டைப்பயறு, மொச்சை, பச்சைப்பயறு ஆகியவை தரைமேல் முளைப்பவை: விதையின் இரண்டு பாதிகளான விதையிலைகளைத் தலையில் சுமந்துகொண்டு தண்டு மேலே வரும். பட்டாணி, கொண்டைக்கடலை, துவரை ஆகியவை தரைகீழ் முளைப்பவை: விதையிலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட, குருத்து மட்டும் எட்டிப்பார்க்கும். சிறு குழந்தைகளுக்கு முதல் வகைதான் நல்லது. தாங்கள் நட்ட அதே விதை மேலே ஏறி வருவதையும், நாளுக்கு நாள் சுருங்குவதையும் அவர்கள் கண்ணாலேயே பார்க்க முடியும். பச்சைப்பயறு ஒன்றிரண்டு நாளிலேயே வேர் விடும், பொறுமையில்லாத வகுப்புக்கு ஏற்றது. ஆனால் சிறியது, ஐந்து வயது விரலுக்குள் நசுங்கிவிடும். பீன்ஸ் பிடிக்க வாகானது, பிரித்துப் பார்க்கவும் வாகானது.

பிரித்துப் பார்ப்பது என்றேன். ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் செய்வேன். உலர்ந்த விதையை நீரில் போட்டதும் கண்ணெடுக்காமல் பாருங்கள். சற்று நேரத்தில் தோல் சுருக்கம் சுருக்கமாக எழும்பும், குளியலில் வெகுநேரம் இருந்த விரல்நுனிபோல. தோல் முதலில் நீரைக் குடித்து விரிகிறது, உள்ளிருப்பது இன்னும் விரியவில்லை, அதனால்தான் சுருக்கம். மறுநாள் காலை சுருக்கம் போய் விதை மொழுமொழுவென்று, எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கும். உட்பக்கம் வளைந்த இடத்தில் ஒரு தழும்பு தெரியும். காய்க்குள் ஒட்டிக்கொண்டிருந்த இடம் அது. "உன் தொப்புள்போல" என்று சொன்னால் இருபத்து நான்கு பேரும் சட்டையைத் தூக்கிப் பார்ப்பார்கள், அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். தழும்புக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்கும். ஊறிய விதையை மெல்ல அழுத்தினால் சில சமயம் அங்கிருந்து ஒரு துளி நீர் வரும். தோலை நகத்தால் கீறி உரித்துவிட்டு, இரண்டு பாதிகளையும் புத்தகம்போல விரித்தால் ஓரத்தில் கரு இருக்கும். ஒரு முனையில் மழுங்கிய கூம்புபோல முளைவேர். மறுமுனையில் இரண்டு வெள்ளை இலைகள், ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து, அரிசியைவிடச் சிறியதாக. பூதக்கண்ணாடி வைத்தால் அந்த இலையில் நரம்புகூடத் தெரியும்.

ஒரு முறை அப்படி விரித்துக் காட்டியபோது ஒரு சிறுவன், "டீச்சர், இதைக் கொன்றுவிட்டோமா?" என்று கேட்டான். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்து, "ஆமாம், இது இனி வளராது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒன்றைத் திறந்தோம்" என்றேன். அவன் நம்பவில்லை. கரு ஒட்டியிருந்த பாதியை மட்டும் ஈரக் காகிதத்தில் மடித்து ஒரு மூலையில் வைத்துவிட்டான். மூன்றாம் நாள் அது வேர் விட்டது. பிறகு ஒற்றை விதையிலையோடு ஒரு நோஞ்சான் செடியும் வந்தது. கரு பழுதில்லாமல் பாதிச் சேமிப்போடு ஒட்டியிருந்தால் வளரும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தாவரவியலில் பட்டம் வாங்கிய எனக்கு ஆறு வயதுப் பையன் காட்டினான். உடைத்த பருப்பு ஏன் முளைக்காது என்பதும் இங்கேயே புரிந்துவிடும்: தோலெடுத்து உடைக்கும்போது கரு சிதைந்தோ உதிர்ந்தோ போய்விடுகிறது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். செடி காட்டுவதற்கு முன் நான் சொல்லிவிடுவதில்லை. "என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டு, பதில்களைப் பலகையில் எழுதி, அப்படியே விட்டுவிடுகிறேன். உங்கள் பலகையிலும் கேள்வி இருந்திருந்தால் அந்தக் குழந்தை சிரித்திருக்காது, தானே ஒரு காரணம் தேடியிருக்கும்.

இனி இருட்டு. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை: பீன்ஸ் முளைப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை. மண்ணுக்குள் புதைந்த விதைக்கு வெளிச்சம் எங்கே கிடைக்கும்? இருட்டில் இருக்கும் நாற்று, தான் இன்னும் மண்ணுக்கு அடியில் இருப்பதுபோலவே நடந்துகொள்கிறது. கையிருப்பையெல்லாம் தண்டை நீட்டுவதில் செலவழிக்கிறது. இலையை விரிப்பதில்லை, பச்சையம் செய்வதில்லை. தண்டின் நுனி கொக்கிபோல வளைந்தே இருக்கும். அந்த வளைவுதான் மண்ணை முட்டித் தள்ளிக்கொண்டு வருகிறது, மென்மையான குருத்து பின்னால் பத்திரமாக இழுபட்டு வருகிறது. வெளிச்சம் பட்டதும் தண்டு நீள்வதைக் குறைத்துக்கொள்ளும், கொக்கி நிமிரும், இலை விரியும். ஜன்னலோரச் செடி குள்ளமாக நின்றது அதனால்தான். அது பின்தங்கிவிடவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டது. இருட்டுச் செடியைக் காயவைத்து எடை பார்த்தால், நட்ட விதையின் உலர் எடையைவிடக் குறைவாகவே இருக்கும். சுவாசத்தில் செலவாகிவிட்டது, வரவு எதுவும் இல்லை.

இதையெல்லாம் ஆறு வயதுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு குவளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எது உயரம்?" என்பதோடு நிறுத்தாமல் "எது தடிமன்? எது என்ன நிறம்? எதன் இலை பெரியது? எது தானாக நிற்கிறது?" என்று கேளுங்கள். உயரம் என்ற ஒரே அளவைக் கையில் கொடுத்தால் இருட்டுச் செடி வென்றதாகத்தான் தோன்றும். குழந்தைகள் வளர்வதையும் நாம் உயரத்தால்தானே அளக்கிறோம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் வகுப்பில் ஒரு பெண், "அது வெளிச்சத்தைத் தேடி ஓடுகிறது, அதனால்தான் மெலிந்துபோயிற்று" என்றாள். தேடுவது, ஓடுவது என்றெல்லாம் செடிக்குச் சொல்வது கண்டிப்பான அறிவியல் மொழி அல்ல. இருந்தாலும் அவள் விளக்கம் என் பலகை வாக்கியத்தைவிட உண்மைக்கு அருகில் இருந்தது, நான் திருத்தவில்லை. நீங்கள் பலகையில் எழுதியதும் பொய்யில்லை. அது உண்மையாகும் நாள் பத்தாம் நாள் அல்ல, இன்னும் ஒன்றிரண்டு வாரம் கழித்து, விதையிலைகளின் சேமிப்பு தீர்ந்தபிறகு. அதுவரை காத்திருந்தால் இருட்டுச் செடி சாய்ந்து வாடுவதைச் செடியே காட்டும்.

மண் விஷயமும் இப்படித்தான். "செடிக்கு மண்ணிலிருந்து உணவு கிடைக்கிறது" என்று பெரும்பாலான குழந்தைகள் நினைக்கிறார்கள், பெரியவர்களும்தான். மண்ணே இல்லாத பஞ்சில் செடி வளர்ந்து நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வி கையிலேயே இருக்கிறது: இது எதைத் தின்று வளர்ந்தது? விதையிலைகள் முதலில் தடித்து உருண்டையாக இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் தோல் பைபோலச் சுருங்கி உதிர்ந்துவிடும். தினமும் பார்க்கும் குழந்தைக்குப் பதில் தானாகக் கிடைக்கும். எட்டு, ஒன்பது வயதுக்காரர்கள் என்றால் ஒரு செடியில் ஒரு விதையிலையை ஆரம்பத்திலேயே கிள்ளிவிட்டு, கிள்ளாததோடு ஒப்பிடலாம். பிறகு இலைகள் காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடையும் நீரையும் ஒளியையும் கொண்டு உணவைத் தயாரிக்கின்றன. மண் தருவது நீரும் தாது உப்புகளும் பிடிமானமும். மூத்த குழந்தைகளுக்குப் பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் வான் ஹெல்மான்ட் கதையைச் சொல்வேன்: 200 ராத்தல் உலர்ந்த மண்ணில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 ராத்தலுக்குமேல் ஆயிற்று, மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். அவர் இறந்தபின் 1648-இல் இது அச்சானது. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவுகட்டினார், அது தவறு. காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. சோதனை சரி, முடிவு பிசகு. அப்படியும் நடக்கும் என்று குழந்தைகள் கேள்விப்படுவது நல்லது.

பஞ்சில் எவ்வளவு நாள் விடலாம் என்று கேட்பீர்கள். முதல் ஜோடி இலைகள் விரிந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுவேன். பஞ்சில் சத்து கிடையாது, வேரும் இழையோடு பின்னிக்கொள்ளும்; பிய்த்து எடுக்காமல் பஞ்சோடு சேர்த்தே நடுங்கள். சொல்லப்போனால் நான் பஞ்சையே விட்டுவிட்டேன். கண்ணாடிச் சாடியின் உட்சுவரை ஒட்டித் தடித்த உறிஞ்சும் காகிதத்தைச் சுருட்டி நிறுத்தி, அடியில் இரண்டு விரல்கடை நீர் விட்டு, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே, நீருக்கு நான்கைந்து சென்டிமீட்டர் மேலே விதைகளைச் செருகுகிறேன். காகிதம் தனக்கு வேண்டிய நீரை உறிஞ்சிக்கொள்ளும்; யாரும் தினமும் ஊற்ற வேண்டாம், வார விடுமுறையிலும் காயாது. வேர் கண்ணுக்கு நேரே தெரியும்.

அந்த வேரில் நுனிக்குச் சற்றுப் பின்னால் வெள்ளையாகப் பஞ்சுபோல ஒன்று படர்ந்திருக்கும். பூஞ்சணம் என்று நினைத்து ஒரு வரிசை நாற்றுகளையே குப்பையில் கொட்டிய ஆசிரியரை எனக்குத் தெரியும். அவை வேர்த்தூவிகள், வேர் நீரை உறிஞ்ச உதவும் மெல்லிய இழைகள். வேறுபாடு காண்பது எளிது. வேர்த்தூவி வேரின் ஒரு பட்டையில் மட்டும், சீப்பால் வாரியதுபோல ஒரே சீராக, வேருக்குச் செங்குத்தாக நிற்கும். நுனியில் இருக்காது, விதைமேலும் இருக்காது. பூஞ்சணம் ஒழுங்கில்லாமல் சிலந்திவலைபோல விதைத்தோல்மேலும் காகிதத்திலும் பரவும், சாம்பல் அல்லது கருமை தட்டும், வாடையும் வரும். உங்கள் குவளைகளில் கொட்டியவற்றில் சில நல்ல நாற்றுகளாகவே இருந்திருக்கலாம்.

சாடியில் செய்ய இன்னொன்றும் இருக்கிறது. வேர் இரண்டு சென்டிமீட்டர் வந்ததும் ஒரு விதையை மட்டும் திருப்பி, வேர் பக்கவாட்டில் பார்க்கும்படி செருகுங்கள். காலையில் திருப்பினால் மாலைக்குள் நுனி கீழ்நோக்கி வளையத் தொடங்கும், மறுநாள் எல்லோருக்கும் தெளிவாகத் தெரியும். தலைகீழாக நட்டுவிட்டோமோ என்ற கவலைக்கும் அதுவே பதில். தண்ணீர் கீழே இருப்பதால் வேர் அந்தப் பக்கம் போகிறது என்று ஒரு குழந்தையாவது சொல்லும்; நல்ல சந்தேகம்தான். இங்கிலாந்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர் 1806-இல் நீரோட்டத்தால் சுழலும் சக்கரத்தில் முளைக்கும் விதைகளைக் கட்டி வேகமாகச் சுற்றவிட்டார். வேர்கள், சுழற்சி எடையைத் தள்ளும் வெளிப்புறமாகவும் குருத்துகள் சக்கரத்தின் மையத்தை நோக்கியும் வளர்ந்தன. நீரையோ இருட்டையோ தேடி அல்ல, எடை இழுக்கும் திசையை உணர்ந்தே வேர் திரும்புகிறது என்பது அதில் தெரிந்தது. வேரின் நுனியை மூடியிருக்கும் வேர்மூடியிலுள்ள கனமான மாவுமணிகள் உயிரணுவின் அடிப்பக்கம் படிவதுதான் அந்த உணர்வுக்கு வழி. ஐந்து வயதுக்கு இவ்வளவு வேண்டாம், திரும்பிய வேரே போதும்.

அழுத குழந்தைக்கு வருகிறேன். ஆளுக்கு ஒரு விதை என்ற ஏற்பாடுதான் தவறு. அது உங்களுடைய தவறு மட்டுமல்ல, எங்கும் அப்படித்தான் செய்கிறார்கள். பத்தில் எட்டு முளைக்கும் நல்ல விதை என்றாலும் 24-இல் நான்கைந்து குழந்தைகளுக்கு ஏமாற்றம் உறுதி. ஆளுக்கு மூன்று விதை கொடுத்தால் மூன்றுமே தவறுவதற்கு வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. நான்கு பேருக்கு ஒரு சாடி, அதில் பத்து விதை என்றால் யாருடையது எது என்ற பேச்சே எழாது. ஒரு காலத்தில், முளைக்காத குவளையில் மாலை வேளையில் யாருக்கும் தெரியாமல் முளைத்த விதை ஒன்றை மாற்றிவைத்துக்கொண்டிருந்தேன். இப்போது செய்வதில்லை. முதல் காரணம், பிடிபட்டேன்: "என் விதையில் புள்ளி இருந்தது, இதில் இல்லை." இரண்டாவது, முளைக்காத விதையும் பார்க்கத்தக்க ஒன்றுதான். அதை எடுத்து, அழுத்தி, முகர்ந்து, பிரித்து, முளைத்ததன் பக்கத்தில் வைத்து "இதற்கு என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டால் அந்தக் குழந்தையே அன்றைய ஆராய்ச்சியாளர். அழுகை உடனே நிற்குமா என்றால், சிலருக்கு நிற்கும், சிலருக்கு நிற்காது. நிற்காதவரிடம் கூடுதலாக நட்டுவைத்த தொட்டி ஒன்றைக் காட்டி, "இது யாருக்கும் சொந்தமில்லை, நீ பார்த்துக்கொள்கிறாயா?" என்பேன்.

அளப்பதற்கு அளவுகோல் வேண்டாம். அந்த வயதில் சென்டிமீட்டர் வெறும் கோடுகள். செடியின் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி, கிழமையை எழுதி, சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். இரண்டு வாரத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு வரைபடம் சுவரில் நிற்கும். வரையச் சொல்வதானால் தினமும் வேண்டாம். மாற்றமில்லாத நாளில் வரையச் சொன்னால் குழந்தைகள் மனப்பாடத்திலிருந்து வரைவார்கள்: நேரான தண்டு, இரண்டு பக்கமும் இலை, உச்சியில் ஐந்து இதழ்ப் பூ, மூலையில் சிரிக்கும் சூரியன். விதை இன்னும் வேர்கூட விடாத நாளில் இருபது பூக்கள் வாங்கியிருக்கிறேன். ஊறிய நாள், வேர் வந்த நாள், கொக்கி தெரிந்த நாள், இலை விரிந்த நாள் என்று நான்கு முறை போதும். கடைசிப் படத்துக்கு ஒரு துப்பு கொடுக்கலாம்: பீன்ஸின் முதல் ஜோடி இலைகள் தனித்தனி இதய வடிவத்தில் எதிரெதிரே வரும், அடுத்து வருபவை மூன்று சிற்றிலைகளாக வரும். பார்த்து வரைந்தவர் யார் என்று உடனே தெரிந்துவிடும். நாட்கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: திங்கள் மாலை ஊறவைத்து, செவ்வாய் காலை பிரித்துப் பார்த்து மிச்சத்தைச் சாடியில் செருகினால், வெப்பமான அறையில் வியாழன், வெள்ளிக்குள் வேர் வந்துவிடும். தண்டு எழுவது சனி, ஞாயிறில். திங்கள் காலை கதவைத் திறக்கும்போது எழும் கூச்சல் உங்களுக்கு.

இனி உறுதியில்லாதவை. பாட்டுப் போட்டால் வளரும், அன்பாகப் பேசினால் செழிக்கும், திட்டினால் வாடும் என்று இரண்டு செடிகளை வைத்து நடத்தும் சோதனை பரவலாக இருக்கிறது. அதை நான் செய்வதில்லை. ஒரே பையிலிருந்து எடுத்து ஒரே மண்ணில் ஒரே நாளில் நட்ட பத்துச் செடிகளே பத்து உயரத்தில் நிற்கும். அப்படியிருக்க ஒன்றுக்கு ஒன்று ஒப்பிட்டு எதையும் நிரூபிக்க முடியாது. தவிர, திட்டுவாங்கும் செடிக்கு யாரும் சரியாகத் தண்ணீர் ஊற்றுவதில்லை. நல்ல நடத்தையைக் கற்பிக்க வேறு வழிகள் இருக்கின்றன. ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் மாற்றாமல் வைத்து ஒப்பிடும் முறை ஐந்து, ஆறு வயதுக்கு எட்டுமா என்பதும் சந்தேகமே. என் அனுபவத்தில் எட்டு வயதையொட்டித்தான் "ஆனால் அதற்குத் தண்ணீரும் அதிகம் ஊற்றினோமே" என்று எதிர்க்கேள்வி வரத் தொடங்குகிறது. உங்கள் கையில் முன்னதாகவே வரலாம், என்னைவிடத் திறமையானவர் கையில் நிச்சயமாக.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பச்சைப் பீன்ஸ் விதை, குறிப்பாகச் சிவப்புக் கிட்னி பீன்ஸ், வேகவைக்காமல் தின்றால் நஞ்சு. நான்கைந்து விதைகளே கடுமையான வாந்தியை வரவழைக்கும். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால் ஈரத்தில் ஊதிப் பெருக்கும், தோண்டி எடுக்க முயலாமல் மருத்துவரிடம் போக வேண்டும். எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள். விதைப்புக்கென்று விற்கப்படும் விதைகளில் இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் பூசியிருந்தால் அது பூஞ்சணக்கொல்லி. வகுப்புக்குள் வேண்டவே வேண்டாம். ஆமணக்கு, குன்றிமணி இரண்டும் பார்க்க அழகு, இரண்டும் கொடிய நஞ்சு. முளைத்ததைச் சுவைத்துப் பார்க்க விடாதீர்கள், வகுப்பறை ஈரத்தில் வளர்ந்த முளையில் நோய்க்கிருமியும் சேர்ந்து வளர்ந்திருக்கும். கடைசியில் சோப்புப் போட்டுக் கைகழுவுதல்.

செடியை மேலும் வளர்க்க நினைத்தால் ஜன்னலோர வெளிச்சம் பெரும்பாலும் போதாது, வெளியே மண்ணுக்கு மாற்றுங்கள். புதர் வகை இரண்டு மாதத்துக்குள் காய்க்கும். பீன்ஸ் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இனம், அதனால் தேனீ வராத இடத்திலும் காய் பிடிக்கும். கடும் வெயிலில் மட்டும் பூ உதிரும். கொடி வகை என்றால் ஒரு குச்சியை நட்டுவிட்டு, நுனி எந்தத் திசையில் இருக்கிறது என்று மணிக்கு ஒரு முறை குறிக்கச் சொல்லுங்கள். பற்றிக்கொள்ள எதுவும் கிடைக்காத நுனி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று வந்துகொண்டிருக்கும். டார்வின் இதை உட்கார்ந்து அளந்திருக்கிறார். பள்ளி நேரத்துக்குள்ளேயே மூன்று சுற்று பார்த்துவிடலாம்.

அந்த அலமாரியிலுள்ள நான்கு நெட்டைச் செடிகளையும் இன்னும் எறியாமல் வைத்திருந்தால், எறிய வேண்டாம். விதையிலையில் கொஞ்சமாவது சதைப்பற்று மிச்சமிருந்தால் அவை பிழைக்கும். ஒரு குச்சியில் தளர்வாகக் கட்டி, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். ஓரிரு நாளில் மஞ்சள் இலைகள் பச்சையாகும், கொக்கி நிமிரும். நீண்ட தண்டு திரும்பக் குட்டையாகாது, ஆனால் அதற்குமேல் வரும் கணுக்கள் நெருக்கமாக வரும். எனவே இருட்டில் இருந்த பகுதியும் வெளிச்சத்துக்கு வந்த பகுதியும் ஒரே தண்டில் அடையாளமாக நிற்கும். வெளியே எடுத்து வைக்கும் அன்று பலகையைத் துடைத்துவிட்டு, அந்தச் சிரித்த குழந்தையிடமே முதலில் கேளுங்கள்: நாளைக்கு இது என்ன நிறத்தில் இருக்கும்?